வெயில் இருக்க வைட்டமின் எதற்கு?

கேள்வி: சென்னையில் வருஷம் பூரா வெயில் கொளுத்துகிறது. கர்ப்பமாக இருக்கும் என் மருமகளுக்கு டாக்டர் வைட்டமின் டி எழுதித் தருகிறாரே, எதற்கு?
– ஒரு வாசகி, மாம்பலம்

பதில்: வெயில் கொளுத்துவது தெருவில், மருமகள் இருப்பது வீட்டுக்குள் அல்லவா! ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் வியர்வைதான் மிச்சம். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதா-பி கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். நம் மாநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். காலை இளவெயிலில் அந்தக் கதிர் சொற்பம். இட்லி சாம்பாரிலும் இந்தச் சத்து இல்லை. மீனிலும் முட்டை மஞ்சள்கருவிலும்தான் கொஞ்சம் உண்டு.

சாப்பிடும் கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி தேவை. குழந்தையின் எலும்பு வளர்வதும் அம்மாவின் கையிருப்பிலிருந்துதான். அதற்காக எல்லாக் கர்ப்பிணிகளும் தனியாக விழுங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. குறைபாடு இருக்கலாம் என்று தோன்றினால் தினம் 200 யூனிட் என்பதே அதன் கணக்கு. நம் நாட்டு அரசுத் திட்டத்தின் கால்சியம் மாத்திரை ஒவ்வொன்றிலும் 250 யூனிட் வைட்டமின் டி உண்டு. தினம் இரண்டு, நான்காம் மாதத்திலிருந்து. அதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வாயில் போடக்கூடாது. இரண்டுக்கும் ஒத்துப்போகாது, சில மாமியார் மருமகளைப் போல!

பக்கத்து வீட்டம்மா சொன்னார் என்று 60,000 யூனிட் பாக்கெட்டை மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் கெடும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.