வட்ட நடை ஆராய்ச்சி: பேட்லி மலையிடுக்கை முன்வைத்து

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், கிரிண்டில்ஃபோர்ட் ரயில் நிலையத்துக்கு அருகே, பேட்லி என்றொரு மலையிடுக்கு இருக்கிறது. நடுவே பர்பேஜ் ஓடை. இருபுறமும் பாசி பிடித்த பாறைகள், முறுக்கிக்கொண்டு வளர்ந்த ஓக் மரங்கள். விடுமுறை நாட்களில் மக்கள் இதன் வழியே ஏறி, மேலே ஹெதர் புதர் படர்ந்த வெட்டவெளியைக் கடந்து, பழைய கல்குவாரிப் பக்கமாக இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறார்கள். இயற்பியல் கணக்கில் இவர்களின் இடப்பெயர்ச்சி பூச்சியம். இவ்வளவு வியர்த்து ஒரு பூச்சியத்தை ஏன் ஈட்டுகிறார்கள் என்பதே நம் ஆய்வுப் பொருள்.

அவ்விடத்தில் மற்ற எதற்கும் இந்த வழக்கம் இல்லை. ஓடை டெர்வென்ட் ஆற்றில் போய் விழுகிறது, திரும்புவதில்லை. போல் ஹில் குவாரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய பன்னிரண்டு லட்சம் டன் கல், சரிவுப் பாதையில் ரயிலுக்கு இறங்கி, ஹவுடன், டெர்வென்ட் அணைகளாக எழுந்து அங்கேயே தங்கிவிட்டது. செதுக்கி முடித்த ஆலைக்கற்களோ புறப்படவே இல்லை. வாங்க ஆளின்றி, பிர்ச் மரங்களுக்கிடையே இன்னும் வரிசையாகக் கிடக்கின்றன. 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாகி, இவ்விடத்தையும் உள்ளடக்கிய பீக் டிஸ்ட்ரிக்ட், இந்த ஆலைக்கல்லையே தன் சின்னமாக்கிக்கொண்டது. விலைபோகாத சரக்குக்கு இப்படியொரு மரியாதை வாய்ப்பது அபூர்வம்.

இனி முன்னோர் கொள்கைகள். காரே காரணம் என்பர் ஒரு சாரார். வண்டி நிற்கும் இடத்துக்கு வராமல் வீடு போய்ச் சேர முடியாது, ஆகவே வட்டம். அற்றேல், கார் பெருகுமுன் வட்டம் இல்லையோ எனின், உண்டு. 1900-இல் ஷெஃபீல்டில் ஜி.எச்.பி. வார்ட் தொடங்கிய கிளாரியன் நடையர் சங்கத்தின் முதல் நடை, ஈடேலில் ரயிலிறங்கி கிண்டர் ஸ்கவுட் மேட்டைச் சுற்றியதுதான். அவர்களில் எவரும் கார் நிறுத்த இடம் தேடி அலைந்ததாகச் செய்தி இல்லை.

இதிலிருந்து ஓர் உட்கொள்கை கிளைக்கிறது: உள்ளே விடாததால்தான் வெளியே சுற்றினார்கள். இதைக் கேலி செய்வதற்கில்லை. அந்த மேடுகள் வேட்டைப் பறவைகளுக்கும் அவற்றைச் சுடும் நிலக்கிழார்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானோர் தடையை மீறிக் கிண்டரில் ஏறினார்கள். ஐவர் சிறைக்குப் போனார்கள். ஆனால் பேட்லிக்கு மேலே உள்ள லாங்ஷாவின் கதை வேறு. ரட்லண்ட் கோமகனின் வேட்டை நிலமாக இருந்த அதை, ஷெஃபீல்ட் மக்கள் பணம் திரட்டி வாங்கி, 1931-இல் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கதவு திறந்தபின்னும் சுற்றுகிறார்கள் என்பதால் இக்கொள்கையும் விழுகிறது.

போகவர எடுத்த ரயில் சீட்டே காரணம் என்பர் வேறு சிலர். அடுத்த நிலையமான ஹாதர்ஸேஜுக்கு நடந்துபோய் அங்கே ரயிலேறினால் கூடப்போவது சில்லறைதான். இக்கொள்கைக்கு இவ்வளவு மறுப்பு போதும்.

உண்மையை நெருங்கியவர்கள் எறும்பு ஆய்வாளர்களே. யார்க் பல்கலைக்கழகத்தார் இதே லாங்ஷாவில் ஆயிரம் எறும்புகளின் மேல் ஒரு மில்லிமீட்டர் ரேடியோ ஒட்டி, அவை எங்கே போய் வருகின்றன என்று பார்த்தார்கள். எறும்பு மரமேறி, அசுவினி சுரக்கும் இனிப்பு நீரை வாங்கிக்கொண்டு புற்றுக்குத் திரும்புகிறது. இனிப்பு நீர் தொலைவில் இருப்பதால் போன தடத்திலேயே திரும்பலாம். அதற்கு வட்டம் வேண்டியதில்லை. மனிதனுக்கோ அது புற்றின் வாசலிலேயே கிடைக்கிறது: கிரிண்டில்ஃபோர்ட்டின் பழைய நிலையக் கட்டடத்தில் ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. ரயிலிறங்கியதும் நேரே உள்ளே போய் உட்கார யாருக்கும் தடையில்லை. ஆனால் மனம் கூசுகிறது. தேநீருக்கும் அதைக் குடிக்கும் தகுதிக்கும் இடையே கொஞ்சம் தூரம் தேவைப்படுகிறது. வேறெங்கும் போகவேண்டிய வேலை இல்லாதபோது அந்தத் தூரம் வட்டமாகத்தானே வளையும்? இதுவே நம் முடிவு.

எவ்வளவு தூரம் என்பதற்கு, ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு சூத்திரம் வகுத்தார்: 3 மைலுக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. வேலிக் கதவை யார் சாத்துவது என்ற உபசாரத்துக்கும், எதிரே வரும் நாயிடமும் அதன் சொந்தக்காரரிடமும் தனித்தனியே நலம் விசாரிப்பதற்கும் அதில் இடமில்லை. சூத்திரத்தைத் திருத்தும் தகுதி நமக்கில்லை. நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்க.

எஞ்சியது திசை. ஓடையோடு இறங்குவதே இயற்கை, ஆகவே முதலில் குவாரி, கடைசியில் இடுக்கு என்பர் வலஞ்சுழியார். ஓக் வேர்களும் ஈரப் பாறைகளும் பின்னிக் கிடக்கும் இடுக்கில், கால் ஓய்ந்த வேளையில், தேநீர்க்கடையின் வறுத்த உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டே இறங்குபவரின் கண் பாறைமேல் நிற்காது. ஆகவே இடஞ்சுழியே கொள்க: முதலில் இடுக்கு, பிறகு வெட்டவெளி, முடிவில் குவாரி. மழை நாளில் நடக்காமலே கடைக்குள் நுழைந்து, நனைந்தவர்கள் பக்கத்தில் நனைந்தவர்போல உட்காருபவர்களை இவ்வாய்வு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.