ஒன்று எடுத்தால் இரண்டு வை!

நிரலாக்க மொழிப் பிரியர்களுக்கு உள்ளூரில் ஒரு சந்திப்பு நடத்தலாம் என்று கிளம்புகிற புண்ணியவான்கள் முதலில் தேடுவது ஏசி ஹாலை, அடுத்தது ஸ்பான்சரை. நம் முன்னோடிகளோ கார் ஷெட்டிலேயே காரியத்தை முடித்துவிட்டார்கள்.

1975 மார்ச் 5. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட். வெளியே மழை. அவரும் ஃபிரெட் மூர் என்ற சமாதானப் போராளியும் விடுத்த அழைப்பை நம்பி 32 பேர் வந்திருந்தார்கள். குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை, 'நேரமின்மை காரணமாக'வில் தொடங்கி ஒரு மணி நேரம் பேசும் சிறப்பு விருந்தினரும் இல்லை. இருந்தது ஆல்டேர் 8800 என்ற பெட்டி. அதற்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டி நிரலைப் புகட்டினால் விளக்கைச் சிமிட்டிப் பதில் சொல்லும். அதைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் வாய் பிளந்தார்கள். கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த ஸ்டீவ் வாஸ்னியாக் வீட்டுக்குப் போய்ச் சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டரை வடிவமைக்கத் தொடங்கினார். அதுதான் பிறகு ஆப்பிள் 1 ஆனது.

இப்படிப் பிறந்ததுதான் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். அடுத்த மாதமே ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் ஆல்டேர் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்து, பெட்டி கிளப்பிய இரைச்சலையே பீட்டில்ஸ் பாட்டாக ஒலிக்கவைத்தார். கிட்டத்தட்ட 400 டாலர் கொடுத்து வாங்கிய பெட்டி செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

மனுஷ பாஷையில் பேச அதற்கு பேஸிக் என்ற நிரலாக்க மொழி வேண்டும். பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தனியாக வாங்கினால் பல நூறு டாலர். மெமரி போர்டோடு வாங்கினால் மலிவு. ஆனால் அந்த போர்டு ஒழுங்காக வேலை செய்யாது! 1975 ஜூனில் பாலோ ஆல்டோ ஹோட்டல் ஒன்றில் நடந்த ஆல்டேர் கண்காட்சியில், பேஸிக் பதிந்த காகித நாடா ஒன்றுக்குக் கால் முளைத்தது. அடுத்த கிளப் கூட்டத்தில் பெட்டி நிறைய நகல்கள். விதி ஒன்றே ஒன்று: ஒரு நாடா எடுத்தவர் இரண்டாகத் திருப்பித் தர வேண்டும். நம் மொய் நோட்டில்கூட இவ்வளவு வட்டி கிடையாது.

1976 பிப்ரவரியில் இருபது வயது கேட்ஸ் பொங்கியெழுந்து பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட பேஸிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை, உழைப்புக்குக் கிடைத்தது மணிக்கு இரண்டு டாலருக்கும் கீழே, நீங்கள் திருடர்கள். திட்டு வாங்கியவர்கள் திருந்தியதாகத் தகவல் இல்லை. சிலர் மட்டும் ரோஷப்பட்டு உட்கார்ந்து சொந்தமாக பேஸிக் எழுதினார்கள். டாம் பிட்மன் தன் டைனி பேஸிக்கை 5 டாலருக்கு விற்றார். திருடுவதைவிட வாங்குவது சுலபம் என்று ஜனங்களும் காசு கொடுத்தார்கள். லி-சென் வாங் தன்னுடையதில் உரிமை அறிவிப்பு போட வேண்டிய இடத்தில் 'தவறுகள் அனைத்தும் பாதுகாக்கப்பட்டவை' என்ற பொருளில் எழுதிவைத்தார்.

கிளப் 1986 வரை ஓடியது. அதைத் தாங்கியது மேடையல்ல, வந்தவர்கள் ஒருவருக்கொருவர் அள்ளிக் கொடுத்ததுதான். ஆகவே, சந்திப்பு நடத்த நினைக்கும் நண்பர்களே, அந்த ஒன்றுக்கு இரண்டு விதியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பகிர்கிற சரக்கு மட்டும் நீங்கள் எழுதியதாக இருக்கட்டும்.