வள்ளல்களுக்கு ஒரு வாழ்த்து

பழனி மலையை ஒரு காலத்தில் பேகன் ஆண்டான். கார்காலத்தில் தோகை விரித்து நின்ற மயிலைக் கண்டு, குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்துக் கொடுத்தவன். கொடுத்தது ஒரே ஒரு போர்வை. அதற்கே கடையெழு வள்ளல்களில் ஒருவனாகி, இன்றுவரை பள்ளிப் பிள்ளைகளின் வாயில் வாழ்கிறான். அதே மலைத்தொடரின் மேல் இருக்கும் கொடைக்கானலுக்கு வாரம் தவறாமல் ஏறி வந்து, கைநிறையக் கொடுத்துவிட்டு இறங்கிப் போகிறவர்களைப் பாடத்தான் ஆளில்லை. அந்தக் கடனை நான் தீர்க்கிறேன். வள்ளல்களே, இது உங்களுக்கான வாழ்த்து.

ஏரியிலிருந்து தொடங்குகிறேன். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகளை மறித்து இந்த ஏரியை உண்டாக்கினார். பரப்பு அறுபது ஏக்கர் அளவு. தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து அதில் விட்டார். அவர் கொடுத்தது அவ்வளவுதான்: ஒரு கரை, கரைக்குள் தண்ணீர், தண்ணீரில் படகு. நீங்களும் உங்களுக்காக எழுந்த விடுதிகளும் கொடுத்ததோடு வைத்துப் பார்த்தால் லெவிஞ்ச் ஒரு கஞ்சன். சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து குளியலறை நீரும் அடுப்படி நீரும் கழிப்பறை நீரும் ஓடைகளைத் தேடி இறங்குகின்றன. ஒரு நாளும் நின்றதில்லை. சீசன் வந்தால் இரட்டிப்பாகிறது. இந்த உரத்தைத் தின்று நீர்ச்செடிகள் எவ்வளவு கொழுத்தன என்பதை, அவற்றை அள்ளி அள்ளிக் களைத்த கூலியாட்களிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் அறையில் குழாயைத் திறக்கும்போது அந்த நீர் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கொடுத்ததைத் திரும்பிப் பார்க்காத கை அது. கொடைக்கு அதைவிடப் பெரிய இலக்கணம் கிடையாது.

ஏரி தனக்கு வந்ததைத் தானே வைத்துக்கொள்வதில்லை. நிறைந்தால் வழிகிறது. வழிகிற நீர் மலைச்சாலையில் எட்டுக் கிலோமீட்டர் கீழே, 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. வெள்ளி அருவி அதுதான். கொடைக்கானல் வருகிறவர்களை முதலில் வரவேற்பதும் போகிறவர்களைக் கடைசியாக வழியனுப்புவதும் அதுவே. பேருந்து நிற்கிறது, குடும்பம் இறங்குகிறது. பாட்டி இரு கையாலும் நீரை அள்ளி முகத்தில் அறைந்துகொள்கிறார். பேரப்பிள்ளை குடித்தும் பார்க்கிறான். ஊர் கொடுத்ததெல்லாம் ஏரிக்குப் போனது, ஏரி கொடுத்தது அருவிக்கு வந்தது, அருவி கொடுத்தது பிள்ளையின் வாய்க்கு வந்தது. கொடுத்தது கொடுத்தவனுக்கே திரும்பும் என்று பெரியவர்கள் சொன்னதை இவ்வளவு துல்லியமாக நிரூபித்துக் காட்ட ஒரு நகராட்சியும் சில நூறு விடுதிகளும் பாடுபட்டிருக்கின்றன. அந்தப் பிள்ளையைப் பார்த்தபின் எனக்கு மேற்கொண்டு புகழ வாய் வரவில்லை. இருந்தும் புகழத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கொடை இன்னும் முடியவில்லை.

பெயர் கொடுப்பதிலும் உங்களுக்கு நிகரில்லை. வட்டக்கானல் பக்கம் பாம்பாறு விழுகிற இடத்தை இன்று லிரில் அருவி என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரிகிறது. அங்கே ஒரு சோப்பு விளம்பரம் எடுத்தார்கள், அவ்வளவுதான். மலை தோன்றிய நாள்முதல் ஓடுகிற ஆற்றுக்கு ஒரு சோப்புக்கட்டியின் பெயரைச் சூட்டிய உங்கள் பெருந்தன்மைக்கு அந்த ஆறு கைம்மாறாக என்ன செய்கிறது தெரியுமா? பெரியகுளம் பக்கம் இறங்கி, கும்பக்கரை அருவியாக விழுந்து, சமவெளிக்குத் தண்ணீர் தருகிறது.

அந்தப் பாம்பாற்றை ஒட்டிய சோலைக்காட்டின் மேல்விளிம்பில்தான் இந்த மலைக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை நிகழ்ந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையை 1980களின் தொடக்கத்தில் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலில் வைத்தார்கள். 1984 முதல் 2001 வரை அது ஓடியது. செய்த வெப்பமானிகள் கடல் கடந்து போயின. பாதரசம் நம்மிடம் தங்கியது. நல்ல பங்கீடு. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடைவரை போய்ச் சேர்ந்திருந்ததை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்து 2001இல் கூக்குரல் எழுப்பிய பிறகே ஆலை மூடியது. 2003இல் பாதரசம் கலந்த கழிவு சுமார் 290 டன் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. வேலை செய்த 591 பேரும் அவர்கள் குடும்பங்களும் ஆலையை நடத்திய நிறுவனத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். ஆலை மூடிப் பதினைந்து வருடம். அதுவரை பொறுத்திருந்தவர்களின் பொறுமையைப் புகழ்கிறேன். இந்தப் புகழ்ச்சியில் வஞ்சம் ஒரு துளியும் இல்லை. மண்ணிலும் பாசியிலும் ஏரி மீனிலும் பாதரசம் இருந்ததை ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். படகில் போகிறவர்களுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. படகுத்துறையில் அதைச் சொல்ல ஒரு பலகையாவது வைத்து அவர்களின் விடுமுறையைக் கெடுக்காத நாகரிகத்தையும் சேர்த்துப் புகழ்கிறேன்.

பூங்காவுக்கு வருவோம். 1908இல் பிரையன்ட் என்ற வனத்துறை அதிகாரி அமைத்த பூங்கா, ஏரியின் கிழக்கில், இருபது ஏக்கர். ரோஜாவும் டாலியாவும் அங்கே பாத்திபாத்தியாக இருக்கின்றன, மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கிறது. தோட்டக்காரர்களின் உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பூங்காவுக்கு வெளியே என்ன செய்தோம் என்பதுதான் சாதனை. இந்த மலையின் சொந்தச் சொத்து சோலைக்காடும் புல்வெளியும். மழையைக் குடித்து, வேரில் வைத்துக்கொண்டு, கோடையில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுகிற ஏற்பாடு அது. வெள்ளைக்காரர்களும் அவர்களுக்குப் பின் நம்மவர்களும் புல்வெளியைப் பார்த்து, பாவம், மரமில்லாமல் சும்மா கிடக்கிறதே என்று இரங்கி, சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் பைனையும் கொண்டுவந்து நட்டார்கள். மயிலுக்குக் குளிர்கிறதென்று போர்வை கொடுத்ததைப் போலவேதான். வித்தியாசம், இந்தப் போர்வைக்குள் மயிலுக்கு மூச்சு முட்டியது. புல் அழிந்தது, ஓடைகள் மெலிந்தன. ஏழாயிரம் அடி உயரத்தில், மேகம் வீட்டுக்குள் நுழைகிற ஊரில், கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் காத்து நிற்கின்றன. பைன் காட்டில் படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. புல்வெளியில் பூக்கும் குறிஞ்சிக்கு உங்கள் படத்தில் விழும் கவலை இப்போதைக்கு இல்லை, 2018இல் பூத்தது, இனி 2030இல்தான் உங்களைத் தொந்தரவு செய்யும்.

குணா குகையை விட்டுவிட்டால் மஞ்சும்மல் பாய்ஸ் பார்த்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1991இல் கமல்ஹாசனின் படம் வந்தது, குகைக்குப் படத்தின் பெயர் வந்தது. 2024இல் மஞ்சும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் வந்தது, கூட்டம் மறுபடி திரண்டது. தவறி விழுந்த நண்பனைத் தோழர்கள் மீட்ட உண்மைக் கதை அது. அதைப் பார்த்து மனம் உருகியவர்கள், உருகிய மனத்தோடு வந்து, அங்குள்ள மரவேர்களிலும் பாறையிலும் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் சாவியால் கீறிவிட்டுப் போகிறார்கள். லெவிஞ்ச், பிரையன்ட் பெயர்களைக்கூட யாரும் மரத்தில் செதுக்கவில்லை. அந்த இருவரைவிட நீங்கள் அடக்கமானவர்கள் என்று நான் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

காட்டுமாடுகளுக்கு நீங்கள் இடும் விருந்தையும் சொல்லவேண்டும். மலையில் புல்வெளி குறைந்ததால் அவை தெருவுக்கே இறங்கிவிட்டன. குப்பைத்தொட்டியில் முகத்தை விட்டு, சிப்ஸ் பையோடு சேர்த்து மிச்சத்தைத் தின்கின்றன. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறீர்கள்.

கொடைக்கானல் வட்டாரத்தில் உங்கள் கொடைக்கு எட்டாத ஒன்று உண்டு. மலைச்சாலையில் டம் டம் பாறையில் நின்றால் எதிரே தெரியும் தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 975 அடி, தமிழ்நாட்டிலேயே உயரமானது. அதன் அடிக்கும் தலைக்கும் வண்டி போகச் சாலை கிடையாது. அந்த ஒரே காரணத்தால் அது இன்னும் வெறும் தண்ணீராகவே விழுகிறது.

வள்ளல்களின் வேகத்தைக் கண்டு நீதிமன்றமே அஞ்சிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி ஏற முடியாது என்றானது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் கட்டினார்கள்: வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்றார்கள். இருபது ரூபாயைக் கட்டிவிட்டுப் புட்டியை மலையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களை என்னவென்று புகழ்வது? பொருளும் கொடுத்து, பணமும் கொடுக்கிற வள்ளல் பேகன் காலத்தில்கூட இல்லை.

வாழ்த்து போதும். இனி நேராகவே கேட்கிறேன். அடுத்த முறை விடுதி அறை எடுக்கும்போது, காலை உணவு உண்டா என்று கேட்கும் அதே வாயால், உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது, சுத்திகரிப்பு உண்டா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற விடுதியில் தங்காதீர்கள். நகராட்சி ஏரியைத் தூர்வாருவதோடு நிற்காமல், ஏரிக்கு வருகிற ஒவ்வொரு ஓடையின் வாயிலும் நின்று என்ன வருகிறது என்று பார்க்கட்டும், பார்த்ததை ஊரறியச் சொல்லட்டும். கொண்டுபோன புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்த மலைக்கு நம்மிடமிருந்து இனி எதுவும் வேண்டாம், கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.