மேட்சிங் பிளவுஸும் குழல்விளக்கின் நிற நேர்மையும்: ஓர் ஆய்வு

புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி தேடி மேட்சிங் சென்டருக்கு வரும் பெண்கள், கடைக்காரர் வெட்டக் கத்திரியை எடுக்கும் தறுவாயில் அவரைத் தடுத்து, முந்தானையையும் துணியையும் ஒருசேரத் தூக்கிக்கொண்டு வாசற்படிவரை சென்று வெயிலில் பார்த்த பின்னரே முடிவு சொல்லும் வழக்கம், இதுகாறும் வெறும் பிடிவாதம் என்றே கருதப்பட்டு வந்துள்ளது. இனி 'வாசல் முறை' எனச் சுட்டப்படும் இவ்வழக்கத்தை ஒளியியல் நோக்கில் ஆராயுங்கால், குற்றம் கல்லாவுக்கு மேலே தொங்கும் நாலடிக் குழல்விளக்கினுடையது என்பது புலனாகும்.

மக்கள் வழக்கில் டியூப்லைட் எனப்படும் இவ்விளக்கினுள் பாதரச ஆவி வழியே மின்சாரம் பாயும்போது, 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர் தோன்ற, கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொடி அதனை உறிஞ்சி வெளிச்சமாக மாற்றுகிறது. ஆகவே துணியின் நிறத்தில் சாயப்பட்டறைக்குள்ள உரிமை இப்பொடிக்கும் உண்டு. 1940களில் புழக்கத்துக்கு வந்த ஹேலோபாஸ்பேட் பொடி மஞ்சளை வாரி வழங்கிவிட்டுச் சிவப்பில் கருமித்தனம் காட்டுவதால், அதன்கீழ் அரக்குப் பட்டு ஆறிப்போன சிக்கரிக் காப்பிபோல் களையிழந்து நிற்கிறது. நீலம், பச்சை, சிவப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொடி கலந்த முப்பொடிக் குழல்கள் 1970களில் வந்தபின் இந்நிலை பெரிதும் சீரடைந்தது.

ஒரு விளக்கின்கீழ் ஒன்றாகத் தெரிந்து, வெளிச்சம் மாறியதும் பிரிந்துவிடும் இரு சாயங்களின் உறவை 'நிறப்போலி' எனலாம். பட்டுக்கும் பருத்திக்கும் ஏற்றப்படும் சாயங்கள் வெவ்வேறு வகையின ஆதலின், பட்டுப்புடவையும் பருத்தி ரவிக்கையும் இவ்வுறவுக்கு எளிதில் இரையாகின்றன. மயில்கழுத்து நிறத்தைப் பற்றியோ, பாவும் ஊடும் வெவ்வேறு நிறமாதலால், பேசாதிருப்பதே நலம்.

விளக்கின் நிற நேர்மையை அளக்கச் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1965இல் வகுத்த முறைப்படி, எட்டு நிற மாதிரிகளை விளக்கொளியிலும் ஒப்பீட்டு ஒளியிலும் கணக்கிட்டு, வேறுபாடே இல்லையெனில் 100 என மதிப்பெண் தரப்படுகிறது. அந்த எட்டும் வெளிறிய நிறங்கள். அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது மாதிரியாகத் தனியே வைக்கப்பட்டுச் சராசரியில் சேராமற் போயிற்று. ஆணையத்தார் எவரும் கல்யாண ஜவுளி எடுக்கச் சென்றதில்லை என்றே இதனின்று துணிய வேண்டியிருக்கிறது. எழுபதைத் தாண்டிய பழைய குழல்கூட, சிவப்புக்கு மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே மதிப்பெண் வாங்குவது இதனாற்றான்.

தேர்வு செய்வோர் குழலின் ஓரத்தில் அச்சிட்டுள்ள எண்ணைப் படித்தால் போதும். 865 என்பதில் முதல் இலக்கம் மதிப்பெண் எண்பதுகளில் உள்ளதையும், பின்னிரண்டு இலக்கங்கள் 6500 கெல்வின் என்னும் பகல்வெண்மையையும் குறிக்கும். துணிக்கடைக்கு 965 உத்தமம். வெறும் 54 என்று மட்டும் இருப்பின் அது பழைய பொடி. வெண்மை ஒன்றேயாயினும் நேர்மை ஒன்றன்று என்பதை, 54ஐயும் 965ஐயும் அருகருகே எரியவிட்டு அவற்றின்கீழ் உள்ளங்கையை நீட்டிப் பார்த்து அறியலாம்.

வாசல் முறைக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. முகூர்த்தம் பல வேளைகளில் விடியுமுன் வைக்கப்படுவதால், கல்யாணப் புடவை முதன்முதல் பார்வைக்கு வருவது வெயிலில் அன்று, மண்டபத்து விளக்கொளியில். எனவே முறையான சோதனை மண்டபத்திலேயே நிகழ்த்தப்பட வேண்டும். ஆனால் வெட்டிய துணி திரும்பப் பெறப்படமாட்டாது என்று கடையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.