ஏழாவது மாடியில் நடுமுற்றம்

மழையில் நனைந்து போனால் என் நண்பர் வீட்டில் குடையை மூலையில் சாய்த்துவிட முடியாது. "சார், பறையில வையுங்க" என்பார். வாசலை ஒட்டி, பித்தளைப் பட்டை அடித்த நெல்லளக்கும் பறை ஒன்று நிற்கும். நாலு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்று ஒரு காலத்தில் நெல்லை அளந்த பாத்திரம். கல்யாணப் பந்தலில் அதில் நெல்லை நிறைத்து, நடுவில் தென்னம்பூக்குலையைச் செருகி, பக்கத்தில் விளக்கேற்றி வைப்பார்கள். இவர் வீட்டில் அதற்குள் மூன்று குடையும் ஒரு செல்ஃபிக் குச்சியும் இருக்கின்றன.

இவரைப் பாரம்பரியர் என்று வைத்துக்கொள்வோம். கவடியார், பட்டம், கழக்கூட்டம் என்று திருவனந்தபுரத்தில் அடுக்ககம் எழும்பிய இடத்திலெல்லாம் மாடிக்கு ஒருவராவது தென்படுவார். வயது ஐம்பதுக்கு மேல். பாதி ஆயுளை வளைகுடாவிலோ வங்கியிலோ கழித்தவர். ஊர் திரும்பியதும், நமக்கும் ஒரு தறவாடு, அதாவது பூர்வீகப் பெருவீடு, இருந்திருக்க வேண்டுமே என்று திடீரென்று உறைக்கும். இல்லாத தறவாட்டை ஆயிரத்து நானூறு சதுர அடிக்குள் உண்டாக்குவதுதான் அதற்குப் பிறகு உத்தியோகம். என் நண்பர் தமிழர். கரமனையில் பிறந்தவர், அம்மை நாஞ்சில் நாட்டுக்காரி. தறவாட்டு ஏக்கத்துக்கு மொழி பேதம் கிடையாது.

தறவாடு என்றால் நடுமுற்றம் வேண்டும். நாலுகெட்டு வீட்டின் நடுவே வானம் பார்த்த சதுரம். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் அதில் வந்து விழும். நம்மவர் இருப்பது ஏழாவது மாடி. தளத்தைத் தோண்டினால் ஆறாவது மாடிக்காரர் தலையில் விழும் என்று பொறியாளர் கையை விரித்துவிட்டார். பாரம்பரியர் சளைக்கவில்லை. ஹால் முழுவதையும் நாலு அங்குலம் உயர்த்தி, நடுவை மட்டும் அப்படியே விட்டு, கூழாங்கல் பரப்பிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அதில் கால் இடறுவார்கள். வானம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டாவது மாடிக்காரரின் குளியலறை இருந்தது. போன இடவப்பாதிப் பருவமழையில் அங்கே குழாய் கசிந்து, நடுமுற்றத்தில் மழை பெய்தே விட்டது. ஊரெல்லாம் பிளம்பரைத் தேடும் நேரத்தில் இவர் முதலில் கைப்பேசியை எடுத்து வீடியோ பிடித்தார்.

பத்மநாபபுரம் அரண்மனைதான் இவருக்குக் காசி. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அரண்மனை இருந்த மண் அந்தப் பக்கம் போயிற்று, அதைப் பராமரிக்கும் வேலை கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றது. இவர் இஞ்ச் டேப்போடு போவார். தூணின் சுற்றளவு, திண்ணையின் உயரம் எல்லாம் டைரியில் ஏறும். அங்கே முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் கறுப்புத் தரை, தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று வழிகாட்டி சொன்னதைக் கேட்டு, அன்று ராத்திரியே கொத்தனாரைக் கூப்பிட்டார். "முட்டைய நீங்க ஆம்லெட் போடுங்க சாரே, நான் கறுப்பு கிரானைட் போட்டுத் தர்றேன்" என்றார் கொத்தனார். அந்த வீட்டில் இதுவரை எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுதான் புத்திசாலித்தனமானது.

கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் இந்த ஊரில்தான் வாழ்ந்து 2007-இல் மறைந்தார். தம்பானூரில் சுருள் சுருளாக மேலேறும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியது. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், உத்திரங்களை வாங்கிப் புது வீட்டில் பொருத்துவார், கட்டுகிறவருக்குச் செலவு குறையட்டும் என்று. நம்மவரும் பேக்கர் பக்தர். பழைய கதவு வாங்குவதில் குருவை அப்படியே பின்பற்றுவார். செலவு விஷயத்தில் மட்டும் எதிர்த்திசை. தேக்குக் கதவு ஒன்றைப் படுக்கப் போட்டு, மேலே கண்ணாடி பதித்து, டீப்பாய் ஆக்கியிருக்கிறார். நாதாங்கியை எடுக்க மனசு வரவில்லையாம். போகிறவர் வருகிறவர் முழங்காலெல்லாம் அதற்குத் தெரியும்.

சுவரில், அன்னத்தோடு பேசும் தமயந்தி. நாலடி உயரம், கான்வாஸ் துணியில் டிஜிட்டல் அச்சு, தலைக்கு மேல் குட்டி விளக்கு. 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாக அனுப்பியவர் ரவிவர்மா, ஆகவே அச்சுப்படத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ரவிவர்மா தூரிகை பிடித்து வரைந்த தமயந்தி இதே ஊரில் மியூசிய வளாகத்தில் இருக்கிறாள். 2023-இல் அவருக்கென்று தனி ஓவியக்கூடமே திறந்தாயிற்று.

"போய்ப் பாத்தீங்களா?"

"போகணும் சார். பார்க்கிங்தான் கஷ்டம்."

மரத்தில் ஒரு யாளி உண்டு. முன்னூறு வருஷப் பழசு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி நூறு வயது தாண்டிய சிற்பம் பழம்பொருள், அதைத் தொல்லியல் துறையில் பதிய வேண்டும் என்று வாய்விட்டேன். காபி ஆறுவதற்குள் யாளியின் வயது தொண்ணூற்றெட்டு ஆகிவிட்டது. அடுத்த முறை போனபோது, "இது நம்ம ஆசாரி செஞ்சது சார், புதுசு" என்றார். பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்கிற பழியை இனி யாரும் போடக்கூடாது.

இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவள் அம்மை. எண்பத்துமூன்று வயது. ஹாலின் அழகு கெடும் என்று பால்கனியில் ஒளித்து வைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை, யாரும் இல்லாத சமயம் இழுத்துவந்து போட்டுக்கொள்வாள். சாய்வுப் பலகை வைத்த சாருபடியில் உட்கார்ந்தால் முதுகு பிடிக்கிறதாம். ஒவ்வொரு பொருளும் வீடு வந்து சேரும்போது அதன் பூர்வோத்தரத்தை வெளியே சொல்லிவிடுகிற ஒரே ஆள் அவள்தான். பித்தளையில் விரிந்த வாயோடு ஒரு பூச்சாடி வந்தது. ஆர்க்கிட் பூவெல்லாம் செருகியாயிற்று. அம்மை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"மக்கா, இது கோளாம்பில்லா? உங்க தாத்தா வெத்தல போட்டுத் துப்புவாருல்லா, அது. இதுல போயா பூவ வச்சிருக்க?"

அறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. ஆர்க்கிட் அங்கேயே இருக்கிறது. நான்தான் அதற்கப்புறம் அந்தப் பக்கம் உட்காருவதில்லை.

உருளி என்கிற வாயகன்ற சமையல் பாத்திரம் வந்த நாள்தான் முக்கியம். சாலைக் கடைத்தெருவில் வாங்கியது. ஆ. மாதவன் கடை போட்டிருந்து, கதை கதையாக எழுதிய அதே தெரு. இரண்டு பேர் தூக்கிவந்து நடுமுற்றத்தில் வைத்தார்கள். அம்மை எழுந்து போய், மோதிரவிரலால் விளிம்பில் ஒரு சுண்டு சுண்டினாள். கோயில் மணி போல நீளமாகக் கேட்டது. பித்தளையாக இருந்தால் இந்த நாதம் வராது. "நல்ல வெங்கலம்" என்றாள். அப்புறம் குனிந்து விளிம்புக்கு அடியில் விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கை நின்றது. உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய இரண்டு மலையாள எழுத்து. அந்தக் காலத்தில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் போனால் திரும்பி வர வேண்டுமே.

"யாரு வீட்டு உருளியோ" என்றாள். இதே அளவில் அவள் புகுந்த வீட்டிலும் ஒன்று இருந்ததாம். எழுபதுகளில், தேய்க்க ஆளில்லை என்று பழம்பாத்திரக்காரனுக்கு எடைக்குப் போட்டு, இரண்டு எவர்சில்வர் குடம் வாங்கினார்களாம். குடத்தில் ஒன்று இன்னும் பால்கனியில் இருக்கிறது.

பாரம்பரியர் அந்த இரண்டு எழுத்தும் தம் பூட்டனாருடையவை என்று விருந்தாளிகளிடம் சொல்ல ஆரம்பித்தார். "பூட்டனுக்கு எழுத்தே தெரியாது. கைநாட்டு" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? எங்கள் வீட்டு ஆட்டுரல் பத்து வருஷமாக மணி பிளான்ட் தொட்டியைத் தலையில் சுமந்து நிற்கிறது. தோசை மாவு பாக்கெட்டில் வருகிறது.

உருளியில் தண்ணீர் நிரப்பிச் செம்பருத்தி மிதக்கவிட்டார். தினமும் பூவை மாற்றுவார், தண்ணீரை மாற்றமாட்டார். ஐந்து குடம் பிடிக்கும், யார் சுமப்பது? ஜூன் கடைசியில் ஆஷா பணியாளர் வீடு வீடாக வந்தார். கதகளி முகமூடியையும் தமயந்தியையும் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. டார்ச்சை நேரே உருளிக்குள் அடித்து, "சாரே, கூத்தாடி உண்டல்லோ!" என்றார். மலையாளத்தில் கொசுப்புழுவுக்குக் கூத்தாடி என்று பேர். தண்ணீரில் அது போடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அம்மைக்கு அது தமிழாகக் கேட்டுவிட்டது. சுவரில் இருந்த கதகளி முகத்தைக் காட்டி, "இவன்தான், ரெண்டு வருசமா இங்கதான் கெடக்கான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் ட்ரை டே கடைப்பிடிக்க வேண்டும் என்று எச்சரித்தார் ஆஷா. பாரம்பரியர் முகம் வெளிறிவிட்டது. "ட்ரை டே ஒண்ணாந்தேதிதானே?" என்றார். மதுக்கடை மூடும் நாளைச் சொல்கிறார் மனுஷன். ஆஷா சொன்னது தேங்கிய தண்ணீரைக் கொட்டும் நாளை.

அன்று தண்ணீரைக் கொட்டியபின் அம்மை உருளியை விடவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு அடுப்பில் ஏற்றச் சொன்னாள். பலாச்சுளை, வெல்லம், நெய். மூன்று மணி நேரம் கிளறியதில் ஏழாவது மாடி முழுக்க மணத்தது. சக்கைவரட்டியில் ஒரு டப்பா எனக்கும் வந்தது. பாரம்பரியர் மட்டும் அடி கறுத்த உருளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் வீட்டு ஹாலிலும் உருளி இருக்கலாம். ஏடிஸ் கொசு தண்ணீர்மட்டத்தை ஒட்டி உட்சுவரில் முட்டையிடும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை போகாது, காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். ஆகவே வாரம் ஒருமுறை கவிழ்த்து, தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.