குதிரைக்காகக் கலங்கலாமா?

கேள்வி: குதிரை ரேஸ் என்றால் உயிரையே விடும் என் அப்பா, ஒரு குதிரை ஓட்டத்தின் நடுவே கால் ஒடிந்து விழுந்ததைப் பார்த்ததிலிருந்து ரேஸ் பேச்சையே எடுப்பதில்லை. ஒரு குதிரைக்காக இவ்வளவு கலங்கலாமா? மாவுக்கட்டுப் போட்டால் சரியாகிவிடாதா?
- ஒரு வாசகி, அடிவாரம், சேலம்

பதில்: தாராளமாகக் கலங்கலாம். பணம் போனவருக்கு அடுத்த ரேஸ் இருக்கிறது. கால் போன குதிரைக்கு இல்லை.

ரேஸ் குதிரை சுமார் 450 முதல் 500 கிலோ எடை இருக்கும். முழங்காலுக்குக் கீழே அதற்குச் சதையே கிடையாது. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். நம்மைப்போல் மாதக்கணக்கில் படுத்தே கிடக்கவும் அதனால் முடியாது. ஒடிந்த காலைக் காக்க மற்ற கால்கள் பாரம் சுமந்தால், அங்கே குளம்புக்குள் வீக்கம் கண்டுவிடும்.

2006-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தில் பின்னங்காலை முறித்துக்கொண்டது. தகடும் திருகுகளும் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். எட்டு மாதப் போராட்டத்தைத் தோற்கடித்தது அந்தக் குளம்பு நோய்தான். 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தபோது, நேரில் பார்த்தே இராதவர்களும் அழுதார்கள்.

மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டம் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் திறமையில் பெரும்பங்கு நாலு காலில் நிற்கிறது. குதிரை ஓடும்போது கைதட்டியவருக்கு, விழும்போது அழவும் உரிமை உண்டு.

அப்பாவைத் தேற்ற வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குதிரை எப்படி ஓடும் என்று கேளுங்கள்.