இழுக்கிற நாய்க்கு எந்தப் பட்டை?

எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. கேட்டைத் திறந்தால் போதும், தெருமுனை வரை என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். இழுப்பதை நிறுத்தும் பட்டை எது?
– வாசகி, மதுரை

நிறுத்துகிற பட்டை எதுவும் இல்லை. நிறுத்தப் பழக்கும் வரை உங்கள் தோளையும் அவன் கழுத்தையும் காப்பாற்றும் பட்டை உண்டு. மார்புப் பக்கம் வளையம் வைத்த ஹார்னஸ் வாங்குங்கள். அவன் பாய்ந்தால் கயிறு மார்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். பாய்ந்தவன் உங்களைப் பார்த்து நிற்பான். கழுத்தில் சாதாரணப் பட்டையும் இருக்கட்டும், உங்கள் கைபேசி எண் பொறித்த வில்லையை மாட்டுவதற்கு.

ஹார்னஸ் போட்ட பிறகுதான் இழுப்பு அதிகமாகிவிட்டது!
– வாசகர், கோவை

வளையம் முதுகில் இருக்கும், பாருங்கள். பனிப் பிரதேசங்களில் வண்டி இழுக்கும் நாய்களுக்குக் கயிற்றைப் பின்னால்தான் கட்டுகிறார்கள், முழு பலத்தோடு இழுக்க வசதியாக. மாட்டுக்கு நுகத்தடி மாதிரி. கயிற்றை மார்பு வளையத்துக்கு மாற்றுங்கள். அக்குளில் உரசுகிறதா என்று முதல் வாரம் தினமும் பாருங்கள்.

கடைக்காரர் சோக் செயின்தான் சரி என்கிறார். பெரிய நாய்க்கு அதுதானே வழக்கம்?
– வாசகர், திருச்சி

வழக்கம்தான். நானும் அந்த வழக்கப்படி ஒன்று வாங்கி, பதினோரு மாத நாய்க்கு மாட்டினேன். இழுத்தால் இறுகும், விட்டால் தளரும் என்றார்கள். திருப்பி மாட்டினால் தளராது என்பதை யாரும் சொல்லவில்லை. அவளோ இருமிக்கொண்டே இழுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது கழுத்து ரோமத்தைப் பிரித்தேன். ஒரு விரல் அகலத்துக்கு முடி இல்லை, தோல் கறுத்திருந்தது, சங்கிலிக் கண்ணிகளின் தடம் வரிசையாகத் தெரிந்தது. அன்றே கழற்றினேன். மூச்சுக்குழாய், தைராய்டு சுரப்பி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் எல்லாம் அந்த நான்கு விரல் இடத்தில்தான் இருக்கின்றன. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துப்பட்டையோடு இழுத்தபோது நாய்களின் கண்ணுக்குள் அழுத்தம் கூடியது. ஹார்னஸில் அப்படிக் கூடவில்லை. கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ள நாய்க்கு இது சின்ன விஷயம் இல்லை.

முள் பட்டை வலிக்காதாம். தாய்நாய் குட்டியைக் கவ்வுவது மாதிரிதானாம். உண்மையா?
– வாசகர், சேலம்

எந்தத் தாயும் வளர்ந்த பிள்ளையின் கழுத்தைச் சுற்றிப் பல்லைப் பதித்து அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போகாது. ஜெர்மனியில் 2022 முதல் பயிற்சிக்கு முள் பட்டை பயன்படுத்தத் தடை.

ரிமோட்டை அழுத்தினால் ஷாக் அடிக்கும் பட்டை?
– வாசகர், ஓசூர்

வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். அதன் ஆபத்தைச் சொல்கிறேன். எதிரே பள்ளிக்கூடப் பிள்ளை வருகிறது, நாய் ஆசையாய்ப் பாய்கிறது, நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். ‘இழுத்ததால் வலித்தது’ என்று அது நினைக்க வேண்டும் என்பது உங்கள் எதிர்பார்ப்பு. ‘பிள்ளை வந்தால் வலிக்கும்’ என்று அது கற்றுக்கொண்டால்? அடுத்த முறை பிள்ளையைப் பார்த்ததும் உறுமும். வாங்கவே வாங்காதீர்கள்.

சிப்பிப்பாறை வளர்க்கிறோம். பின்வாங்கித் தலையை ஒரு உருவு உருவினால் பட்டை என் கையில், நாய் சாலையில்! இறுக்கிக் கட்டலாமா?
– வாசகர், விருதுநகர்

வேண்டாம். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஒடுக்கம், கழுத்துக்கும் தலைக்கும் சுற்றளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. எந்தச் சாதாரணப் பட்டையும் காது வழியாக வழுக்கிவிடும். உங்களுக்கு வேண்டியது மார்ட்டிங்கேல் பட்டை. பெரிய வளையத்தோடு சின்ன வளையம் ஒன்று கோத்திருக்கும். நாய் பின்வாங்கினால் சின்னது பெரியதை இறுக்கும், ஆனால் நாம் வைத்த அளவோடு நின்றுவிடும். சோக் செயின் போல நெரித்துக்கொண்டே போகாது. முழுக்க இறுகிய நிலையிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும், காதைத் தாண்டி உருவவும் கூடாது. வாசலைத் தாண்டும் முன் நீங்களே இழுத்துப் பார்த்துவிடுங்கள். அகலத் துணிப்பட்டையாக வாங்குங்கள், இந்த இனங்களின் தோல் மெல்லியது. வீடு திரும்பியதும் கழற்றுங்கள். எதிலாவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட ஓட்டக்கார நாய் அது. முயலோ பூனையோ ஓடினால் நொடியில் பாயும். கயிற்றைக் கைவிரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் ஒடிந்துவிடும்.

முகத்தில் மாட்டும் பட்டையைப் பார்த்தேன். வாய்ப்பூட்டு மாதிரி இருக்கிறதே?
– வாசகி, தஞ்சாவூர்

வாய்ப்பூட்டு இல்லை. வாய் திறக்கலாம், நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். உங்கள் எடையை நெருங்கும் நாய் என்றால் நல்ல உதவி. ஆனால் முதல் நாளே மாட்டிக்கொண்டு கிளம்பினால் முகத்தைத் தரையில் தேய்க்கும். ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே மூக்கை நுழைத்ததும் ஒரு துண்டு கோழிக்கறி என்று பழக்குங்கள். வெடுக்கென்று மட்டும் இழுக்காதீர்கள், கழுத்து திருகிக்கொள்ளும்.

பக் நாய்க்கு?
– வாசகர், சென்னை

ஹார்னஸ் மட்டும். மூச்சுவிடவே சிரமப்படும் இனம். வெயிலில் கூட்டிப் போகவே கூடாது.

பொத்தானை அழுத்தினால் நீளும் கயிறு?
– வாசகி, ஈரோடு

இழுத்தால் இன்னும் நீளம் கிடைக்கும் என்று நாயே கற்றுக்கொள்ளும். நாலு, ஐந்து அடிச் சாதாரணக் கயிறே நல்லது.

சரி, பட்டை வாங்கிவிட்டேன். பழக்குவது எப்படி?
– வாசகர், திருநெல்வேலி

இழுத்தால் முன்னேறலாம் என்பதால்தான் இழுக்கிறது. அந்தக் கூலியை நிறுத்துங்கள். கயிறு விறைத்த நொடியில் நில்லுங்கள். திட்டாதீர்கள், சுண்டாதீர்கள். அது திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் நடங்கள். உங்கள் கால் அருகே நடக்கும்போது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வேகவைத்த கோழிக்கறியை, உப்பும் வெங்காயமும் இல்லாமல், முழங்கால் உயரத்தில் கொடுங்கள். முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் ஓடும். முதல் நாள் பத்து நிமிடத்தில் நாலு வீடு தாண்டியிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. தெருநாய்கள் நிற்கும் முனையை முதல் வாரம் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் இதே முறையில் நடத்த வேண்டும். நீங்கள் நின்று, உங்கள் மகன் கூடவே ஓடினால், நாய் மகனைத்தான் நம்பும்.

அப்பா பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைக்கிறார். மாலையில் அவிழ்த்தால் இழுக்கிறது. எந்தப் பட்டை போடலாம்?
– வாசகி, நாமக்கல்

பட்டையை அப்புறம் பார்க்கலாம் அம்மா, முதலில் சங்கிலி. அளவுக்கு மீறிய குட்டைச் சங்கிலியிலோ கனத்த சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பத்து மணி நேரம் ஆறடிக்குள் நின்ற நாய் வேறு என்ன செய்யும்? காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, பகலில் கேட்டைச் சாத்திவிட்டு அவிழ்த்துவிடுங்கள்.

இன்று இரவே, அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பட்டையைக் கழற்றுங்கள். கழுத்து ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தாலோ, முடி உதிர்ந்து வட்டம் தெரிந்தாலோ, காலையில் முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஆறும்வரை அந்தக் கழுத்தில் எதையும் மாட்டாதீர்கள்.